ஒன்றேகால் அடி நகரும் தட்டு

1966 ஆகஸ்டில் ஒரு பெரிய லாரி அந்த டிரெய்லரைத் துறைமுகத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, மாட்டுங்காவில் எங்கள் டிரஸ்ட் ஆபீஸ் வளாகத்தில் விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மழையில் நனைந்தது, அப்புறம் வெயிலில் காய்ந்தது. ஆபீஸ் பியூன் தினமும் மத்தியானம் அதன் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்துகொள்வார்.

அதற்குள்ளே ஒரு முழு எக்ஸ்ரே அறை இருந்தது. மெஷின், ஜெனரேட்டர், படம் கழுவும் இருட்டறை எல்லாம் சேர்த்து. வெளிநாட்டில் யாரோ நல்ல மனிதர்கள் அனுப்பிய நன்கொடை. ஆஸ்பத்திரிக்கு வராத ஜனங்கள் இருக்கும் இடத்துக்கே போய் நெஞ்சைப் படம் பிடித்து, காசநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். என் பெயர் ராஜலக்ஷ்மி. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எக்ஸ்ரே டெக்னீஷியன் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வந்தவள், ஒரு படம்கூட எடுக்கவில்லை. காலையில் டிரெய்லரைத் திறந்து மெஷினைத் துடைப்பேன், சாயங்காலம் பூட்டுவேன்.

அலமாரியில் நாற்பது சுருள் ஃபிலிம் இருந்தது. டப்பாவின்மேல் 1967 ஏப்ரல் என்று அச்சடித்திருந்தது. அதற்குப் பிறகு அதில் படம் எடுத்தால் புகை படிந்தாற்போல விழும். நுரையீரலில் தெரிவது நோயா, ஃபிலிமின் கோளாறா என்று சொல்ல முடியாது. நான் காலண்டரைப் பார்ப்பேன், டப்பாவைப் பார்ப்பேன்.

இழுக்க வண்டி இல்லை, அதுதான் விஷயம். பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற டிரெய்லர் இல்லை இது. முன்பகுதி உயர்ந்து நின்றது. அதன் அடியில் கைப்பிடிப் பருமனில் ஒரு இரும்பு முளை. இழுக்கிற வண்டியின் முதுகில் ஒரு தட்டு இருக்க வேண்டும், அதன் நடுவில் முளை போய்ப் பூட்டிக்கொள்ளும், டிரெய்லரின் முன்பாரம் முழுக்க வண்டியின் முதுகில் உட்காரும். அதற்கென்று ஒரு நீளமான வண்டி வர வேண்டியிருந்தது. லைசென்ஸ், பர்மிட் என்று அது வழியில் எங்கோ நின்றுவிட்டது. டிரஸ்டிடம் இருந்தது பட்டாள ஏலத்தில் எடுத்த ஒரு பிக்கப். இன்ஜின் பலமானதுதான், ஆனால் பின்தொட்டியின் நீளம் ஐந்தரை அடி.

பிப்ரவரியில் டிரஸ்ட் செக்ரட்டரி ஒரு கம்பெனி இன்ஜினியரை அழைத்து வந்து காட்டினார். அவர் டேப் பிடித்து அளந்தார்.

"தட்டைப் பின்சக்கர அச்சுக்கு மேலே வைத்தால், அதற்கும் டிரைவர் உட்காரும் கேபினுக்கும் நடுவே மூன்று அடிதான் மிஞ்சும். டிரெய்லரின் அகலம் ஏழு அடி. நேராகப் போகும்வரை சரி. முழுசாகத் திருப்பினால் டிரெய்லரின் மூலை கேபினை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்" என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிக்கப்பின் டிரைவர் கலீலுல்லா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான்கு வருஷமாக டிரஸ்டுக்கு வண்டி ஓட்டுகிறார் என்பதைத் தவிர அவரைப்பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவ்வளவு குறைவாகப் பேசுகிறவர். அன்று மத்தியானம் என் மேஜைக்கு வந்தார்.

"எக்ஸ்ரேயம்மா, காலி அட்டைப்பெட்டி ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

கொடுத்தேன். என் கத்திரிக்கோலையும் வாங்கிக்கொண்டார். அட்டையில் பிக்கப் மாதிரி ஒரு துண்டு, டிரெய்லர் மாதிரி ஒரு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குண்டூசி குத்தினார். மேஜைமேல் வைத்து மெதுவாகத் திருப்பினார்.

"பாத்தியளா. இவ்வளவு திரும்புத வரைக்கும் ஒண்ணும் ஆவல. மெயின் ரோட்டு வளைவுக்கெல்லாம் இது போதும். சந்துக்குள்ள முழுசா ஒடிச்சுத் திருப்பும்போதுதான் இடிக்கு." குண்டூசியைப் பிடுங்கிக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குத்தினார். இப்போது முழுசாகத் திருப்பியும் மூலை கேபினைத் தொடவில்லை.

"அப்போ தட்டைப் பின்னாடியே வச்சுட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வைக்கப்படாதும்மா. பாரம் பின்சக்கரத்தத் தாண்டிப் போயிரும். முன்சக்கரம் ரெண்டும் தரையில சரியா உக்காராது. ஸ்டேரிங்கத் திருப்புனா வண்டி கேக்காது. முன்னால வச்சா திருப்ப முடியாது, பின்னால வச்சா ஓட்ட முடியாது."

"அப்போ என்ன பண்றது?"

"ரெண்டு எடத்துலயும் வைக்கணும்" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அட்டையோடு செக்ரட்டரியிடம் போய் நின்றோம். செக்ரட்டரி ஓய்வுபெற்ற மனிதர், யோசித்துப் பேசுகிறவர். அட்டையைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "செஞ்சு பாருங்கோ. ஆனா ஆர்டிஓ இன்ஸ்பெக்டர் பாத்து சரின்னு சொல்லாம ரோட்ல இறங்கக் கூடாது" என்றார்.

தாராவியில் அறுபதடி ரோட்டை விட்டு உள்ளே போனால் சொரிமுத்துவின் பட்டறை. ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், கூரைவரைக்கும் இரும்பு. தோல் பதனிடும் கூடங்களின் மெஷின்களெல்லாம் ரிப்பேருக்கு அவரிடம்தான் வரும். கலீல் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், டிரெய்லரின் அளவுகள் எழுதிய வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. சொரிமுத்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க தாயி" என்றார். பிறகு கலீல் பாய் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏன் வே, ஓடுத வண்டியில பாரம் நகந்தா என்ன ஆவும்னு உமக்குத் தெரியாதா?"

"ஓடும்போது நகராது அண்ணாச்சி. நிக்கும்போதுதான் நகத்துவோம்."

"எவன் நகத்துவான்? டிரெய்லரோட மூக்கு மட்டும் முக்கால் டன் இருக்கும் போலிருக்கே. நீரும் நானுமா புடிச்சுத் தள்ளுவோம்?"

"டிரெய்லர் ஏன் நகரணும்? அது பாட்டுக்கு நிக்கட்டும். அதோட சக்கரத்துக்குக் கட்டை குடுத்துருவோம். தட்டோட பூட்ட எடுத்துட்டு, வண்டிய நான் ஒண்ணேகால் அடி முன்னால எடுப்பேன். வண்டிதான அண்ணாச்சி நகருது. தட்டு இருந்த எடத்துலயே இருக்கும், ஆனா வண்டிக்கு அது பின்னால போயிருக்கும். பூட்டப் போடுவோம், திருப்புவோம். திருப்பி முடிஞ்ச பெறவு வண்டிய ரிவர்ஸ் எடுத்தா தட்டு பழையபடி முன்னால வந்துரும்."

சொரிமுத்து வாயிலிருந்த பீடியை எடுத்தார். பிறகு தரையைக் காலால் கூட்டிவிட்டு, சாக்பீஸ் எடுத்து உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே, "இத யாரு வே உமக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. அட்டையில பாத்தேன்."

தாருகானாவில் உடைத்த கப்பல்களின் இரும்பு குவிந்து கிடக்கும். இரண்டு பேரும் அங்கே ஒரு நாள் முழுக்க அலைந்து, கனமான சானல் இரும்பு இரண்டு தேடி எடுத்து வந்தார்கள். அவற்றைப் பிக்கப்பின் தொட்டியில் தண்டவாளம்போலப் பொருத்தி, நடுவில் தட்டு ஓடும்படி செய்ய வேண்டும். தண்டவாளத்தில் முன்னால் ஒரு ஜோடித் துளை, பின்னால் ஒரு ஜோடித் துளை. தட்டிலிருந்து இரண்டு பக்கமும் கட்டைவிரலைவிடப் பருமனான பூட்டுக் கம்பி அந்தத் துளையில் இறங்கும். அவ்வளவுதான் அமைப்பு. கேட்கச் சுலபமாக இருந்தது. முதல் தடவை வெல்டிங் சூட்டில் ஒரு சானல் ஒரு நூல் வளைந்துவிட்டது. கலீல் பாய்க்கோ எனக்கோ அது கண்ணுக்கே தெரியவில்லை. சொரிமுத்து மட்டக்கோலை வைத்துப் பார்த்தார், தான் வைத்த வெல்டிங்கையெல்லாம் தானே அறுத்துப் போட்டார். மூன்று நாள் வேலை. மறுபடி ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் நாள் மண்மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். தட்டு கிரீஸில் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றது, பூட்டு விழுந்தது. திரும்ப வந்தது, பூட்டு விழுந்தது. இருபது தடவை செய்தார்கள். இருபத்தோராவது தடவை சொரிமுத்து, "போதும் வே, கையி வலிக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு மராட்டியர். மாட்டுங்கா வளாகத்துக்கு வந்து, கைக்குட்டையைத் தரையில் விரித்து, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, இதைச் செய்த இன்ஜினியர் யார் என்று ஹிந்தியில் கேட்டார். கலீல் பாயும் சொரிமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொரிமுத்து, "ஹம் லோக் ஹீ" என்றார், நாங்கள்தான் என்று. இன்ஸ்பெக்டர் இருவருக்கும் கைகொடுத்தார். கையெழுத்துப் போடும்போது இரண்டு நிபந்தனை சொன்னார். பத்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஆள் கீழே இறங்கி நின்று மூலையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

அந்த ஆள் நான் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. வண்டியோடு போகிறவள் நான் ஒருத்திதான். கலீல் பாய், "இடம் இருந்தா 'ஆனே தோ'ன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நாலு விரக்கடைக்கு வந்தா 'பஸ்'னுங்க. மெதுவா சொன்னா இன்ஜின் சத்தத்துல கேக்காது" என்றார். ஹிந்தியில் முதலாவது வரட்டும், இரண்டாவது போதும். வீட்டில் நான் உரக்கச் சிரித்தாலே அம்மா திரும்பிப் பார்ப்பாள். இப்போது ரோட்டில் நின்று கத்த வேண்டும்.

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். போக வேண்டிய இடம் செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கத்தில் இருந்த ஜனதா காலனி. வளாகத்து கேட்டிலேயே முழுத் திருப்பம். கட்டை கொடுத்து, பூட்டை எடுத்து, வண்டியை முன்னால் எடுத்து, பூட்டைப் போட்டோம். நான் கீழே நின்று "ஆனே தோ" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கலீல் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒதடு அசையுது, சத்தம் வரலம்மா" என்றார். எப்படியோ வெளியே வந்துவிட்டோம். ரோட்டில் நேராக நிறுத்தி, தட்டை மறுபடி முன்னால் கொண்டுவந்தோம். இரண்டு பூட்டும் விழுந்த சத்தம் கேட்டது.

சொரிமுத்து சைக்கிளில் பின்னாலேயே வந்தார். நாங்கள் போன வேகத்துக்கு சைக்கிளே அதிகம்.

சயானைத் தாண்டி ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் ஏறும். அதற்கு முன்னால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது, வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். பாதிப் பாலம் ஏறியிருப்போம். நான் கேபினின் பின் ஜன்னல் வழியாக டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதன் வெள்ளைச் சுவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. இப்போது இல்லை. தள்ளிப் போயிருந்தது.

"கலீல் பாய், பின்னாடி இடைவெளி ஜாஸ்தியாத் தெரியறது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேரிங்கை இந்தப் பக்கம் அரை விரல், அந்தப் பக்கம் அரை விரல் அசைத்துப் பார்த்தார். "ஆமா. ஸ்டேரிங் லேசாயிட்டு. பூட்டு போயிட்டு" என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

என்ன ஆனது என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. தட்டு பூட்டில்லாமல் பின்னுக்கு வழுக்கிவிட்டது. முன்சக்கரம் பிடியில் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருந்தது. அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்கும், டிரெய்லர் நிற்காது. தட்டு தண்டவாளத்தில் முன்னால் பாய்ந்து வரும்.

"பிரேக் போடாதேங்கோ" என்றேன்.

"போடல. நீங்க கதவப் புடிச்சுக்கிடுங்க. நின்ன ஒடனே எறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால கட்டையப் போடணும். ஓடப்படாது, நடந்து போங்க."

காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மேட்டுக்கு எதிராக வண்டி தானாகவே தளர்ந்தது. மாட்டு வண்டி வேகம், அப்புறம் மனிதன் நடக்கிற வேகம், அப்புறம் அதுவும் இல்லை. முன்னும் போகாமல் பின்னும் வராமல் இன்ஜினைப் பிடித்து அப்படியே வைத்திருந்தார். கிளட்ச் தீயும் வாசனை வந்தது. நான் இறங்கினேன். நடந்துதான் போனேன். கட்டையை ஒரு பக்கச் சக்கரத்தின் பின்னால் காலால் உதைத்து இறுக்கினேன். மறுபக்கத்துக்கு ஓடியபோது சொரிமுத்து சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பாலத்தோரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டிருந்தார்.

எங்களுக்குப் பின்னால் லாரிகளும் பஸ்ஸும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சொரிமுத்து தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இடது பூட்டுக் கம்பி முறிந்து கிடந்தது. வலது கம்பி மேலேயே நின்றது. துளையில் சரளைக்கல் ஒன்று அடைத்திருந்ததால் அது முதலிலேயே முழுசாக இறங்கவில்லை. பாரமெல்லாம் இடதுபக்கம் ஒன்றிலேயே தொங்கி, குழியில் விழுந்தபோது அது முறிந்திருக்கிறது. சொரிமுத்து முறிந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கயிறு கட்டி இழுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருவோம் வே" என்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கல்ல எடுத்துருங்க" என்றார் கலீல் பாய். "இடது பக்கத்துக்கு ஜாக்கிக் கம்பியப் பாருங்க, பருமன் சரியா வருமா?"

"வரும். ஆனா தட்டு பின்னால இருக்கே. மேட்டுல எப்படி முன்னால கொண்டு வருவீரு?"

"மேடுதான அதச் செய்யப்போவுது."

எனக்கு விளங்கவில்லை. சொரிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. டிரெய்லர் கட்டையில் நிற்கிறது. மேட்டில் நிற்கும் பிக்கப்பைக் கொஞ்சம் விட்டால் தன் பாரத்தாலேயே பின்னுக்கு இறங்கும். அப்போது தட்டு தானாக முன்னால் வரும். தண்டவாளத்தின் முன்முனையில் தடுப்பு உண்டு, ஆனால் முழு வேகத்தில் இறங்கினால் தடுப்பு தாங்காது. விரல் விரலாக இறங்க வேண்டும்.

"எக்ஸ்ரேயம்மா" என்று கலீல் பாய் கூப்பிட்டார். "துளையப் பாத்துச் சொல்லுங்க. தாண்டிட்டா மறுபடி ஏத்த முடியாது. கிளட்ச் தாங்காது."

நான் தொட்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பத்து வண்டிகளின் ஹாரன். கீழே ஒரு மின்சார ரயில் வேறு போனது. "ஆனே தோ" என்று கத்தினேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வண்டி ஒரு விரல் இறங்கியது. நின்றது. "ஆனே தோ." இன்னொரு விரல். பிரேக்கை அவர் விட்டுப் பிடித்த விதத்தில் ஒரு குலுக்கல்கூட இல்லை. தட்டு தண்டவாளத்தில் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்து வந்தது. துளையின் விளிம்பு தெரிந்தது, பாதி தெரிந்தது, முழு வட்டம் தெரிந்தது.

"பஸ்."

அந்தச் சொல் முடியும்போது வண்டி நின்றிருந்தது. சொரிமுத்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். வலது பூட்டு இறங்கியது. இடப்பக்கம் ஜாக்கிக் கம்பியைச் செருகித் தார்ப்பாய்க் கயிற்றால் கட்டினார். மொத்தம் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கலீல் பாய் இறங்கி வந்து, குனிந்து இரண்டு பக்கமும் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"மாட்டுங்காவுலயே இப்படிக் குனிஞ்சு பாத்திருக்கணும். சத்தத்தக் கேட்டுட்டு விழுந்துட்டுன்னு நெனச்சிட்டேன். என் தப்புதான்" என்றார். அதைச் சாயங்காலம் செக்ரட்டரியிடமும் அவரே, யாரும் கேட்காமலே சொன்னார். அன்றிலிருந்து பூட்டுக் கம்பிகளின் கழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். வெள்ளை தெரிந்தால் பூட்டு முழுசாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

ஜனதா காலனியில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் மெயின் ரோட்டோரத்து மைதானம். பத்து மணிக்குப் போய் நின்றோம். பதினொன்றரைவரைக்கும் ஒருவரும் வரவில்லை. காலனிக்குள்ளே இருந்து வந்த சுலைகா என்ற பெண் ஒருத்திதான் எங்களிடம் விஷயத்தைச் சொன்னாள். இடுப்பில் ஒரு குழந்தை, பேசும்போது இருமினாள்.

"பொம்பளையெல்லாம் ரோட்டுக்கு வந்து வரிசையில நிக்க மாட்டாங்கம்மா. ஆம்பளைங்க வேலைக்குப் போயிட்டாங்க. உள்ள குழாயடிக்குப் பக்கத்துல வந்தீங்கன்னா எல்லாரும் வருவாங்க."

குழாயடிக்குப் போகும் வழியை நானும் கலீல் பாயும் நடந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் தகரக் குடிசைகள். ஓரிடத்தில் சந்து அப்படியே ஒடிந்து வலப்பக்கம் திரும்பியது. முனையில் மன்சூர் அலி என்பவரின் டீக்கடை. கடைக்காரர் எங்கள் டிரெய்லரைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"பாய், தண்ணி லாரியே இங்க திரும்பாது. முந்தாநாளு ஒருத்தன் என் தாழ்வாரத்தப் பேத்துட்டுப் போனான். இது எப்படித் திரும்பும்?" என்றார்.

"திரும்பிட்டா?" என்றார் கலீல் பாய்.

"திரும்பிட்டா, பாக்க வந்திருக்க எல்லாருக்கும் என் செலவுல டீ."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பார்க்க வந்தவர்கள் அறுபது எழுபது ஆகிவிட்டார்கள். குடிசைக் கதவுகள் திறந்தன. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சந்து முனையில் வண்டியை நிறுத்தினோம். கட்டை போட்டேன். பூட்டை எடுத்தோம். வண்டி மட்டும் முன்னால் நகர, டிரெய்லர் இருந்த இடத்திலேயே நின்றதைப் பார்த்து, "அறுந்துட்டு, அறுந்துட்டு" என்று யாரோ கத்தினார்கள். பூட்டைப் போட்டு, குனிந்து கைவிட்டுப் பார்த்தோம். பிறகு கலீல் பாய் ஸ்டேரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தார்.

குட்டை வண்டியாக இருந்தது அங்கேதான் கைகொடுத்தது. பெரிய வண்டியாக இருந்தால் மூக்கு எதிர்க் குடிசைக்குள் போயிருக்கும். இது நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோலச் சுற்றியது. டிரெய்லரின் மூலை கேபினின் முதுகுக்கு நான்கு விரல் தள்ளி, கத்தி உறையில் போவதுபோலக் கடந்து போனது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். பின்னால் டிரெய்லரின் சக்கரம் டீக்கடைத் தாழ்வாரத்தின் கம்பத்தை நோக்கி வந்தது. "பஸ்" என்றேன். நின்றார். இரண்டடி பின்னால் எடுத்தார், ஸ்டேரிங்கைக் கொஞ்சம் மாற்றினார், மறுபடி வந்தார். கம்பத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் உள்ளங்கை போகும் இடம் இருந்தது.

திரும்பி முடிந்ததும் ஒரு பெண் வந்து டிரெய்லரின் பக்கவாட்டை, மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோலத் தட்டிக் கொடுத்தாள். மன்சூர் அலி கம்பத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பெரிதாக்கினார்.

டீ கிளாஸோடு நின்ற கூட்டம் அப்படியே வரிசையாகிவிட்டது. வண்டி திரும்புவதைப் பார்க்க வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் உள்ளே என்னதான் இருக்கிறதென்று பார்ப்போம் என்று ஏறினார்கள். முதலில் ஏறியவர் மன்சூர் அலி. "சட்டையக் கழத்துங்கோ, நெஞ்ச இதுல ஒட்டி வச்சுக்கோங்கோ, மூச்ச இழுத்துப் பிடிங்கோ" என்று ஆறு மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததை அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். பெண்களுக்குத் திரை போட்டோம். சுலைகா அவர்களை அதட்டி, பெயர் கேட்டு, ஒவ்வொருத்தியாக அனுப்பினாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் நூற்றுப் பதினாறு பேர்.

கழுவிப் பார்த்தபோது ஒன்பது பேர் நெஞ்சில் நிழல் இருந்தது. அதில் ஒருத்தி சுலைகா. நல்ல வேளையாக இடது பக்கம் மேலே ஒரு சின்னப் புள்ளிதான். பதினெட்டு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட்டாள். கடைசியாக 1969இல் எடுத்த படத்தில் அந்த இடத்தில் ஒரு தழும்புக் கோடு மட்டும் இருந்தது. மற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் பிழைத்தார்கள். ஒருவருக்கு நாங்கள் போனதே தாமதம்.

ஏப்ரல் முடிவதற்குள் நாற்பது சுருளும் தீர்ந்தன. தாராவி, செம்பூர், கல்யாணைத் தாண்டி உல்லாஸ்நகர்வரைகூடப் போனோம். வாரத்தில் ஐந்து நாள். ஒருமுறைகூட மூலை கேபினைத் தொடவில்லை. சொரிமுத்து ஆறு வாரம் கழித்துத்தான் சைக்கிளில் பின்னால் வருவதை நிறுத்தினார்.

முதல் நாள் கடைசியில் சுருளில் கொஞ்சம் ஃபிலிம் மிச்சம் இருந்தது. அதை வீணாக்க வேண்டாம் என்று சொரிமுத்துவையும் கலீல் பாயையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தேன். அந்தப் படங்களை மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் நெஞ்சு சுத்தம். சொரிமுத்து தன் படத்தைப் பார்த்து, "பீடிய இதுல காணோம்" என்று நிம்மதியாகச் சொன்னார்.

கலீல் பாய் தன்னுடையதை வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இதுல இதயம் எது?"

காட்டினேன்.

"நடுவுல இல்லியே" என்றார். "ஒரு பக்கமாத் தள்ளியில்லா வச்சிருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தான் கலீல் பாய்."

"பாரம் சரியாத்தான் உக்காந்திருக்கு" என்று சொல்லிப் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, செம்பூரில் சனிக்கிழமை போக வேண்டிய காலனியின் கேட் எத்தனை அடி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நடந்து போய் அளந்து வருகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயில் குறையட்டுமே என்றேன். அவர் ஏற்கனவே படி இறங்கியிருந்தார்.